கடைசிக் கட்டம்

காபோன் நாட்டின் போர்ட் ஜென்டில் நகரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர், கடல் நடுவே நின்ற ஒரு ரிக்கில் ஓர் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியது. 1990களின் நடுப்பகுதி. வந்தவர் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். தோள் பையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் வரிசை, ஃப்யூஸ் டப்பா. முந்தின இரவு பிரெஞ்சு ரிக் குழு அனுப்பிய தினசரி அறிக்கையில் ‘இன்ஸ்ட்ருமெந்தாசியோன், 14 மணி நேரம்’ என்று ஒரு வரி இருந்தது. கரையிலிருந்த ஆங்கிலம் பேசும் அலுவலகம் அதைக் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, விடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டது.

ரிக்கில் எந்தக் கருவியும் கெட்டிருக்கவில்லை. துளையிடும் குழாய் முறிந்து, அதன் கீழ்ப்பாதி கிணற்றின் ஆழத்தில் கிடந்தது. அப்படி உள்ளே விழுந்து கிடக்கும் எதற்கும் ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்று பெயர். அதைக் கவ்வி வெளியே எடுப்பது ‘ஃபிஷிங்’. அதே வேலையைத்தான் பிரெஞ்சு ரிக்காரர்கள் ‘இன்ஸ்ட்ருமெந்தாசியோன்’ என்கிறார்கள். டெக்னீஷியனின் மல்டிமீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்த டிரில்லர், “இதைப் போட்டால் மீன் கடிக்குமா?” என்று கேட்டாராம்.

அந்த ஹெலிகாப்டர் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். கிணற்றுக்குள் சுழலும் சேற்றின் எடையையும் பிசுக்கையும் கவனிக்கும் மட் இன்ஜினியர். அன்று மாலை ரசாயனப் பொடி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் பிரெஞ்சுச் சொல், மூன்றாவதில் அது என்ன வேலை என்று இரண்டு வரி. நான்காவது கட்டத்தில் எழுதியது: ‘யார் சொன்னது: பிரெஞ்சு டிரில்லர், போர்ட் ஜென்டில்.’

பின்னாளில் ஏழு மொழிகளுக்குப் பெருகிய ஒரு கூட்டுச் சொற்பட்டியலின் முதல் அட்டை அதுதான். மொழிகள் ஏற ஏறக் கட்டங்களும் ஏறின. ‘யார் சொன்னது’ மட்டும் எப்போதும் கடைசியில் நின்றது.

சொற்களின் மேல் அவருக்கு இருந்த கவனம் காபோனில் தொடங்கியதல்ல. 1980களில் காவிரிப் படுகையில், நரிமணம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் அவர் வேலை கற்றுக்கொண்டார். அசாமிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த மூத்த ஆட்கள் இந்தி பேசினார்கள். உள்ளூர் ஒப்பந்தத் தொழிலாளிகள் தமிழ் பேசினார்கள். இரண்டுக்கும் நடுவில் மட், கேசிங், ஸ்லிப், டாங், கெல்லி என்று ஆங்கிலம் ஆணிபோல் அடித்து நின்றது. அறிவிப்புப் பலகைக்குத் தமிழில் எழுதித் தரச் சொன்னபோது அவர் கேசிங்கை ‘உறைக்குழாய்’ என்று எழுதினார். எழுதிவிட்டுக் கூச்சமாக இருந்தது; புத்தகத் தமிழ், யாருக்குப் புரியப்போகிறது? பலகையை நடக் குழி தோண்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: “உறைதானே தம்பி? எங்க தாத்தா காலத்துல சுட்டமண்ணு உறை இறக்குனோம், இப்ப இரும்புல இறக்குறீங்க.”

கிணற்றின் மண்சரிவைத் தடுக்க வளையம் வளையமாக இறக்கும் உறைகிணறு ஈராயிரம் ஆண்டு பழக்கம். கீழடி அகழாய்வில்கூட வெளிப்பட்டது. எண்ணெய்க் கிணற்றின் கேசிங் செய்வதும் அதே வேலைதான். அதே சமயம், திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து போர் போட்ட எந்த விவசாயியும் ‘கேசிங் பைப்’ என்றுதான் சொல்வார். எது சரி என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டையும் எழுதி, எதிரே யார் சொன்னது என்றும் குறித்துக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் காபோன் வரைக்கும் கூடப் போனது.

1990களின் கடைசியில் அவர் கஸ்பியன் கரைக்குப் போனார். கஜகஸ்தானின் அதிராவ் நகரம்; நடுவே ஓடும் ஆற்றுக்கு ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு. அமெரிக்கர்கள், இத்தாலியர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ரஷ்ய மொழி பேசும் ரிக் குழுக்கள், கஜக் மொழி பேசும் உள்ளூர்க்காரர்கள். எல்லோரையும் இணைத்துக் கட்டியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களில் பலர் நேற்றுவரை பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த இளம்பெண்கள். ஷேக்ஸ்பியர் தெரியும், ரிக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு நாள் ஒரு பெண் அவரிடம் வந்து, அறிக்கையில் ‘எலிவேட்டர் பழுது’ என்று இருக்கிறதே, எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்று கேட்டார். ரிக்கில் எலிவேட்டர் என்பது குழாயின் கழுத்தைப் பிடித்துத் தூக்கும் இரும்புக் கவ்வி. ரஷ்ய மொழியிலும் அதே சொல்தான். ஆனால் அங்கே ஊருக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் தானியக் கிடங்கு என்றுதான் நினைப்பார்கள். அவர் அகராதியைத் தேடவில்லை. ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஆறு மொழிபெயர்ப்பாளர்களையும் குழாய் அடுக்கும் யார்டுக்குக் கூட்டிப்போனார். உறைபனிக் குளிர். எலிவேட்டரின் கதவைத் திறந்து மூட வைத்தார். ஆப்பு வடிவ ஸ்லிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. ஒவ்வொரு பொருளின் மேலும் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள்: ஆங்கிலம், ரஷ்யம், கஜக். அங்கிருந்த கிடங்குக்காரர் ரஷ்யப் பெயர்களில் பாதியை அழித்துவிட்டு, ரிக்கில் உண்மையில் கூப்பிடும் பெயரை எழுதினார். அன்று அவர்கள் அழித்தும் எழுதியும் வந்தது முழுவதும் அட்டைகளில் ஏறியது. அட்டைகள் மூன்று செருப்புப் பெட்டிகளை நிறைத்தன.

கூட்டுப் பட்டியலின் விதிகள் அந்த யார்டில்தான் பிறந்தன. காதால் கேட்ட சொல்லுக்கு ஒரு குறி, காகிதத்தில் மட்டும் பார்த்த சொல்லுக்கு வேறு குறி. சேர்ப்பதற்கு ஒருவர் போதும்; நீக்க வேண்டுமானால் அந்த வேலையைச் செய்த இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. பொறியாளரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது.

இந்தத் தொழிலின் சொற்களஞ்சியம் ஒரு மிருகக்காட்சிசாலை. குழாய் செருகி வைக்கும் துளைகள் ‘ரேட் ஹோல்’, ‘மவுஸ் ஹோல்’. எலிக்கு ஒன்று, சுண்டெலிக்கு ஒன்று. ரஷ்யர்கள் இரண்டையும் வெறும் குழியாக்கிவிட்டார்கள். குழாய்வழிக்குள் ஓடிச் சுத்தம் செய்யும் கருவி ஆங்கிலத்தில் பன்றி, மெக்சிகோவில் சாத்தான், பிரான்சில் சுரண்டி. தலையாட்டி எண்ணெய் இறைக்கும் பம்பை ஜெர்மானியர் குதிரைத் தலை என்கிறார்கள். அர்ஜென்டினாவில் அது நாரை. சீனாவில் நெற்றி தரையில் படக் கும்பிடும் எந்திரம். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அதன் புகைப்படத்தை அப்பாவிடம் காட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ஏத்தம்டா இது. மேல ஆள் நடக்கல, அவ்வளவுதான்” என்றார். தமிழ்க் கட்டத்தில் அது அப்படியே ஏறியது: ‘ஏற்றம். சொன்னது: அப்பா.’ ரிக்கின் கோபுரத்துக்கு வழங்கும் ‘டெரிக்’ என்ற சொல்லோ லண்டன் டைபர்னில் குற்றவாளிகளைத் தூக்கிலிடும் வேலை பார்த்த ஒருவரின் பெயர்; தூக்குமரத்துக்கு ஆகி, பளுதூக்கிக்கு ஆகி, கடைசியில் எண்ணெய்க் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

2003இல் வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனம் ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஏறத்தாழ 18,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அனுபவசாலிகள் உலகின் எண்ணெய் வயல்களுக்கெல்லாம் சிதறினார்கள். அவருடைய பட்டியலில் ஸ்பானிய மொழிக்கு ஒரு கட்டம் ஏறியது அப்படித்தான்.

ஒரு கட்டம் போதாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சேற்றையும் சுழற்சியையும் கடத்தும் சதுரக் குழாயான கெல்லி, மெக்சிகோவில் ‘ஃப்ளேச்சா’, வெனிசுவேலாவில் ‘குவாத்ராந்தே’, அர்ஜென்டினாவில் ‘வஸ்தாகோ’. அம்பு, கால்வட்டம், தண்டு. கோபுரத்தின் உச்சியில் நின்று குழாய்களை அடுக்குபவர் வெனிசுவேலாவில் ‘எங்குவேயாதோர்’. மெக்சிகோவில் ‘சாங்கோ’, அதாவது குரங்கு. “எங்கள் ஆள் குரங்கில்லை” என்று வெனிசுவேலாக்காரர் முறைத்தார். “எங்கள் ஆள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்” என்றார் மெக்சிகோக்காரர். அர்ஜென்டினாவில் ‘போக்கா தே போஸோ’ என்றால் கிணற்றின் வாய். கிணற்றுவாயில் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கும் அதுவே பெயர். ‘இரண்டு போக்கா தே போஸோ தேவை’ என்று ஒரு கடிதம் வந்தால் ஆள் கேட்கிறார்களா, தளவாடம் கேட்கிறார்களா? கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தால்தான் தெரியும். அந்தத் தகவல் கடைசிக் கட்டத்தில் இருந்தது.

கருவிகளின் பெயரே இப்படியென்றால், கிணற்று எண்ணெயிலிருந்து வடிப்பவற்றின் பெயர் இன்னும் மோசம். ஜெர்மானியரிடம் ‘பெட்ரோலியம்’ கேட்டால் மண்ணெண்ணெய் தருவார்கள். அர்ஜென்டினாவில் ‘நாஃப்தா’ என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல். இந்தியச் சுத்திகரிப்பு ஆலையில் நாஃப்தா என்பது உரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகும் கச்சாப்பொருள். ‘பாரஃபின்’ பிரிட்டனில் விளக்கெரிக்கும் எண்ணெய், அமெரிக்காவில் மெழுகு. மலாய் மொழியின் ‘மின்யாக் தானா’ மட்டும் அவரைச் சிரிக்க வைத்தது. மின்யாக் எண்ணெய், தானா மண். அட்சரம் பிசகாமல் நம் மண்ணெண்ணெய்.

சிரிக்க முடியாத சொற்களும் இருந்தன. அவற்றில் பாதி எண்களோடு ஒட்டியவை. அமெரிக்க எண்ணெய்க் கணக்கில் எம் என்ற ஒற்றை எழுத்து ஆயிரத்தைக் குறிக்கும். ரோமானிய எண்ணிலிருந்து வந்தது. இரண்டு எம் போட்டால் ஆயிரம் ஆயிரம், அதாவது 10 லட்சம். ரோமானியருக்கோ இரண்டு எம் 2,000தான். உலகின் மற்ற அறிவியல் துறைகளில் ஒற்றை எம்மே 10 லட்சம். ஆங்கிலத்தின் பில்லியன் 100 கோடி, ஸ்பானிய மொழியின் பில்லியோன் ஒரு லட்சம் கோடி. இந்த மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் அட்டை எழுதவில்லை. சிவப்பு மையில் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

கன மீட்டர் அதைவிட நுட்பமான கண்ணி. எரிவாயு வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். ஆகவே எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத கன மீட்டருக்கு அர்த்தமில்லை. சோவியத் தரப்படி 20 டிகிரி. மேற்கு நாடுகளின் ஒப்பந்தங்கள் பலவற்றில் 15 டிகிரி. ‘நார்மல்’ என்று எழுதியிருந்தால் 0 டிகிரி. ரஷ்ய மீட்டரில் 1,000 கன மீட்டர் என்று காட்டும் வாயு, 15 டிகிரிக் கணக்கில் 983தான். 0 டிகிரியில் 932. குழாயில் ஒரு துளி கசியவில்லை, யாரும் திருடவில்லை; காகிதத்தில் மட்டும் வாயு காணாமல் போகும். இரண்டு கணக்காளர்கள் ஒரு வாரம் ஒருவரை ஒருவர் சந்தேகித்த பிறகு, ‘திட்டக் கன மீட்டர்’ என்ற அட்டையில் மூன்று வெப்பநிலைகளையும், எந்தக் கரையில் எது வழக்கு என்பதையும் எழுதி வைத்தார்.

கஸ்பியன் வடக்கில் காஷகான் என்ற பெரும் எண்ணெய் வயல் 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வாயுவில் சுமார் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போதே மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதியடைபவர்தான் சாவுக்கு அருகில் நிற்கிறார். 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிய சில வாரங்களில் அங்கே குழாய்கள் வெடிப்பு விட்டுக் கசிந்தன. குழாய்களை மாற்றி 2016இல்தான் மீண்டும் உற்பத்தி தொடங்க முடிந்தது. எஃகையே அரிக்கும் அந்த வாயுவுக்குப் பெயர் வைப்பது விளையாட்டல்ல.

கிணற்றிலிருந்து நேராக வரும் கந்தகம் கலந்த வாயு ஆங்கிலத்தில் ‘சவர் கேஸ்’. அதைக் கழுவிப் பிரித்தெடுத்தபின் தனியே நிற்கும் செறிந்த நஞ்சு ‘ஆசிட் கேஸ்’. முதலாவதைவிட இரண்டாவது பல மடங்கு கொடியது. ரஷ்ய மொழியில் ‘கீஸ்லி’ என்றால் புளிப்பு. அமிலம் சார்ந்தது என்றாலும் கீஸ்லிதான். நிலப்பகுதியில் இருந்த ஒரு சுத்திகரிப்பு ஆலையில், கசிந்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்ற அறிவுறுத்தலை மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு குழாய், இரண்டு தூரம். ரஷ்யப் பிரதியில் இரண்டு தூரம், ஒரே ஒரு ‘கீஸ்லி காஸ்’.

பிரதி அச்சுக்குப் போகவிருந்தது. அகராதி தவறென்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் தவறென்று சொல்லவில்லை. இரவு ஷிஃப்டிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவர் தேநீர் கிளாஸைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு, “இதில் எது எங்கள் குழாய்?” என்று கேட்டார். அவர்கள் பேச்சில் கிணற்று வாயு ‘சிரோய் காஸ்’, பச்சை வாயு. கழுவிய பிறகு வருவது மட்டும்தான் கீஸ்லி. அறிவுறுத்தல் திருத்தப்பட்டது. தேநீர் வட்டம் விழுந்த அந்தத் தாள் இன்றும் அவரிடம் இருக்கிறது. தமிழ் அட்டையை நிரப்பும்போது அவர் நெடுநேரம் யோசித்தார். அமிலம் என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. நமக்கும் அதே கண்ணிதான் காத்திருக்கிறது. ‘பச்சை வாயு’ என்று எழுதி, சொன்னவர் பெயருக்கு எதிரே ‘இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர்’ என்று போட்டார்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்து டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை வந்ததும் அவர் தேடியது ஒரு சொல்லை. வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு கிணறு இறுக மூடியிருக்கிறதா என்று சோதித்தார்கள். துளைக்குழாயின் மானி 1,400 காட்டியது. பக்கத்துக் குழாயில் பூஜ்யம். இரண்டும் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அந்த 1,400ஐ ‘பிளாடர் எஃபெக்ட்’ என்று ரிக்கில் விளக்கிக்கொண்டார்கள். அழுத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததும் பயம் தணிந்தது, வேலை நகர்ந்தது. அப்படி ஒரு விளைவு அங்கே இருக்க வாய்ப்பில்லை என்பது பின்னர் தெளிவானது. பேசியவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி. மொழிபெயர்ப்புப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, எதைத் தேர்ச்சி என்று கொள்வது என்பதற்கே அன்று பொது வரையறை இல்லை. அவருடைய பட்டியலில் அந்தச் சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. பொருள் எழுதும் கட்டம் காலி.

இதற்கிடையே அட்டைகள் கணினிக்குப் போயிருந்தன. முதல் முறை ரஷ்யப் பகுதியை வேறு கணினியில் திறந்தபோது பக்கம் முழுக்கக் கிறுக்கல். ரஷ்ய எழுத்துக்கு அப்போது இரண்டு மூன்று குறியாக்கங்கள் புழங்கின. ஒன்றில் தட்டியதை இன்னொன்று படிக்காது. டிஸ்கி, பாமினி காலத்தில் தமிழ்க் கடிதம் திறந்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். யூனிகோட் வந்து அது தீர்ந்தது. 2017இல் கஜகஸ்தான் தன் மொழியை லத்தீன் எழுத்துக்கு மாற்ற முடிவெடுத்தபோது கஜக் கட்டத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டத்துக்கு இடம் விட்டு வைத்தார்கள்.

பகிர்வதில்தான் தகராறு. வயலில் இருந்தவர்கள் கேட்காமலே சொற்களைத் தந்தார்கள். அலுவலகங்கள் சொற்பட்டியலைச் சொத்தாகப் பார்த்தன. ஒரு நிறுவனம் தன் முத்திரையோடு, ஒவ்வொரு பக்கத்திலும் ‘ரகசியம்’ என்று அச்சிட்ட அகராதி ஒன்றை அவர் கையில் கொடுத்து, வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியது. புரட்டிப் பார்த்தார். ஓர் இத்தாலியச் சொல்லில் அவர் ஆண்டுகளுக்கு முன் தட்டச்சில் விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருந்தது. கடைசிக் கட்டத்தை மட்டும் நீக்கியிருந்தார்கள்.

அதை நீக்கச் சொன்னவர்கள் வெளியார் மட்டுமல்ல. பட்டியலை முறையான தரவுத்தளமாக்க வந்த ஆலோசகர், ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதுதான் கலைச்சொல் அறிவியல் என்றார். அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு மரபு இருந்தது. ஆஸ்திரியாவின் ஒய்கன் வூஸ்டர் அந்த வழியில் 1968இல் எந்திரக் கருவிகளுக்கு ஒரு பன்மொழி அகராதி செய்தார். இன்றைய சர்வதேசக் கலைச்சொல் தரங்களுக்கு அவர் எண்ணங்களே வேர். பட்டறைக் கருவிக்கு அது பொருந்தும் என்று இவர் ஒப்புக்கொண்டார். பிறகு கீஸ்லி அட்டையை எடுத்து ஆலோசகர் முன் வைத்து, இதில் எந்தச் சொல்லை நீக்கலாம் என்று கேட்டார். தேநீர் வட்டக் கதையையும் சொன்னார். ஆலோசகர் கட்டத்தை விட்டுவைத்தார். தலைப்பை மட்டும் ‘வழக்கிடம்’ என்று மாற்றிக்கொண்டார்.

இப்போது அவர் ஊரோடு இருக்கிறார். ஊரிலும் சொற்கள் காத்திருந்தன. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசியதும், அந்தப் பிரசாரத்தின்போதே 2013 டிசம்பரில் இறந்துபோனதும், 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் திரண்டதும், 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் அவர் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் பார்த்தவை. பாறையை நீரழுத்தத்தால் பிளப்பதற்குப் போராட்டத் துண்டறிக்கைகள் ‘நீரியல் விரிசல்’ என்ற சொல்லைப் பரப்பின. அவருடைய அட்டையில் இருந்ததைவிட அது நல்ல சொல். தன்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதினார்.

அண்மையில் அவர் தெருவழியாக ஒரு கனரக வண்டி போனது. கோபுரம் மடக்கி, சங்கிலி கட்டி, பழைய எண்ணெய்க் கிணற்றைப் பழுது பார்க்கப் போகும் வொர்க்ஓவர் ரிக். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, “ஏன் தம்பி, மீத்தேன் வண்டியா இது? திரும்ப வந்துட்டாங்களா?” என்றார். இது மீத்தேன் இல்லை, முப்பது வருஷத்துக் கிணறு, உள்ளே குழாய் மாற்றப் போகிறார்கள் என்று அவர் பத்து நிமிடம் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். “எதுவா இருந்தா என்ன, மீத்தேன் வண்டிதானே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் மாடிக்குப் போய்ப் புதிதாக ஓர் அட்டை வெட்டினார். வொர்க்ஓவர் ரிக் என்று முதல் கட்டத்தில் எழுதி, தமிழ்க் கட்டத்தில் இரண்டு சொற்கள் எழுதினார்: பழுதுபார்க்கும் ரிக், மீத்தேன் வண்டி. இரண்டாவதற்கு நேரே காதால் கேட்ட குறியைப் போட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் தன் தெருவின் பெயரை எழுதினார்.